90-ஆ, 115-ஆ, 150-ஆ: அயித்தானோட போட்டுக்கு மோட்டார் பார்த்த கதை

"ஹெச்பி கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே அண்ணே." காரைக்குடியில மோட்டார் காயில் கட்டுற கடை வச்சிருக்கேன், கூடவே பம்ப்செட்டும் விக்கிறேன், அதனால இந்தப் பேச்சைக் கேக்காத வாரமே எனக்குக் கிடையாது. போர்ல ஊறுற தண்ணி ஒன்றரை ஹெச்பிக்கே தாங்காது, ஆனா பக்கத்து வீட்டுல மூணு போட்டிருக்காங்கன்னு இவங்களும் மூணு கேப்பாங்க, போட்டுக் கொஞ்ச நாள்ல தண்ணி கீழ இறங்கி மோட்டார் காத்துல ஓடி காயில் கருகி மறுபடி நம்ம கடைக்கே வரும். இன்னொரு கூட்டம் கரண்டு பில் மிச்சம்னு சின்னதா போடும், தண்ணி மாடித் தொட்டி வரைக்கும் ஏறாம மோட்டார் மட்டும் நாள் பூரா உறுமிக்கிட்டே கிடக்கும். வேலை என்ன, எவ்வளவு ஆழம், எவ்வளவு தண்ணி, இதைக் கேட்டுட்டுத்தான் ஹெச்பியைப் பத்திப் பேசணும்னு நான் பிடிவாதமா இருக்கிறவன். இந்தப் பிடிவாதத்தை அமெரிக்காவுல ஒரு ஏரிப் படகு வரைக்கும் கொண்டுபோவேன்னு நினைக்கல.

எங்க அக்கா வீட்டுக்காரர், அயித்தான், ஹூஸ்டன்ல இருக்காரு. சின்ன வயசுல தேவகோட்டைப் பக்கம் கண்மாய்ல தூண்டில் போட்டு விரால் பிடிச்ச ஆளு, அந்த ஆசை அவரை விட்டுப் போகவே இல்ல. அங்க லேக் கான்ரோன்னு ஒரு பெரிய ஏரி, 20,000 ஏக்கருக்கு மேல, அவரு வீட்டுல இருந்து வார லீவுல போயிட்டு வர்ற தூரம். அதுல பாஸ்ங்கிற மீனைப் பிடிக்கிறதுக்குன்னே செஞ்ச பாஸ் போட் ஒண்ணு வாங்கப் போறேன்னாரு. தட்டையா, தாழ்வா, முன்னாடியும் பின்னாடியும் நின்னு தூண்டில் வீச மேடை, பிடிச்ச மீனை உயிரோட வச்சிருக்க லைவ்வெல்ங்கிற தண்ணித் தொட்டி, பின் பலகையில ஒரு பெரிய அவுட்போர்டு மோட்டார், மூக்குல சத்தமில்லாம நகர்றதுக்கு பேட்டரில ஓடுற சின்ன ட்ரோலிங் மோட்டார், இதுதான் பாஸ் போட். 18 அடி ஃபைபர் போட் முடிவாயிடுச்சு. மோட்டார்தான் முடிவாகல. கடைக்காரன் 90 ஹெச்பியோட சேத்து ஒரு பேக்கேஜ் விலை சொல்றான், கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் 150 போடு, போட்டுல ஒட்டியிருக்கிற தகட்டுல அதிகபட்சம்னு எழுதின முழு ஹெச்பியும் போடலேன்னா பின்னாடி வருத்தப்படுவேங்கிறாங்க, நடுவுல 115 ஒண்ணு இருக்கு. "மாப்ளே, நீதான் மோட்டார்காரனாச்சே, பாத்துச் சொல்லுடா"ன்னு ஒரு ராத்திரி போன் பண்ணிட்டாரு. தொழில்காரன்கிட்ட கேட்டுட்டாருன்னா சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியுமா, உக்காந்து படிச்சேன், கணக்குப் போட்டேன், விசாரிச்சேன். அதைத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா தமிழ்ல இதைப் பத்தி யாரும் நிதானமா பேசி நான் பாக்கல, நம்மாளுங்க எத்தனையோ பேரு அந்த ஊர்கள்ல போட் வாங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க.

தகட்டுல எழுதியிருக்கிறது

அங்க 20 அடிக்குக் கீழ இருக்கிற இந்த மாதிரி மோட்டார் போட்டுல எல்லாம் ஸ்டியரிங் பக்கத்துல ஒரு தகடு ஒட்டியே ஆகணும்னு சட்டம். எத்தனை பேர் ஏறலாம், ஆளு சாமான் மோட்டார் எல்லாம் சேத்து எவ்வளவு எடை தாங்கும், அதிகபட்சம் எத்தனை ஹெச்பி, எல்லாம் அதுல இருக்கும். அயித்தானோட போட்டுத் தகட்டுல 150ன்னு போட்டிருந்துச்சு. இந்த 150 எங்க இருந்து வருதுன்னு தோண்டினா, அது ரொம்ப எளிமையான கணக்கு. போட்டோட நீளம் அடியில, பின் பலகையோட அகலம் அடியில, ரெண்டையும் பெருக்கு. ஸ்டியரிங் வீல் இருந்து, பின் பலகை 20 இஞ்சுக்குக் குறையாம உயரமா இருந்தா, வந்த எண்ணை ரெண்டால பெருக்கி 90-ஐக் கழி, அஞ்சோட மடங்கா வரலேன்னா அடுத்த அஞ்சுக்கு ஏத்திக்க. இவரு போட் 18 அடி, பின் பலகை 6 அடி 8 இஞ்சு, பெருக்கினா 120, ரெண்டு மடங்கு 240, 90 போக 150. அவ்வளவுதான். எத்தனை பேரோட போவே, காத்து எப்படி அடிக்கும், எவ்வளவு தூரம் போவே, எதையும் அந்தக் கணக்கு கேக்கல. அந்தப் போட்டு எவ்வளவு வரைக்கும் தாங்கும்ங்கிற மேல்வரம்பு மட்டும்தான் அந்த எண். அதை யாரோ உக்காந்து யோசிச்சு நமக்காகச் சொன்ன சிபாரிசு மாதிரி எடுத்துக்கிட்டு "தகட்டுல இருக்கு, அதனால 150"ங்கிறதுதான் எனக்குக் கடைசி வரைக்கும் ஒத்துக்க முடியாத வாதம். அதைத் தாண்டிப் போகவே கூடாதுங்கிறது வேற விஷயம், அதுல ரெண்டாவது பேச்சே கிடையாது, தாண்டினா இன்சூரன்ஸ்காரன் கை விரிப்பான், சில மாநிலங்கள்ல அது சட்டப்படியும் குத்தம், எல்லாத்துக்கும் மேல பின் பலகை அந்த இழுவைக்குக் கட்டினதே இல்ல.

முழு ஹெச்பியும் போடுங்கிற பழக்கம் அங்க எப்படி வந்துச்சுன்னு பாத்தா அதுக்கும் நியாயம் இருக்கு. 1948-ல லூசியானாவுல ஸ்கீட்டர்னு ஒரு போட் வந்துச்சு, பாஸ் மீனுக்குன்னே செஞ்ச முதல் போட்டுன்னு அதைத்தான் சொல்றாங்க, அப்பல்லாம் மோட்டார் சின்னது. அப்புறம் 1967-ல ரே ஸ்காட்ங்கிறவரு ஆர்கன்சா பீவர் லேக்ல பாஸ் மீன் பிடிக்கிற போட்டி நடத்துனாரு, அடுத்த வருஷமே ஃபாரஸ்ட் உட்ங்கிறவரு அதே மாநிலத்துல ஃப்ளிப்பின்னு ஒரு சின்ன ஊர்ல ரேஞ்சர் போட் செய்ய ஆரம்பிச்சாரு. போட்டின்னு வந்துட்டா நல்ல இடத்துக்கு முதல்ல போய்ச் சேர்றவனுக்குத்தான் மீனு, அப்புறம் ஹெச்பி ஏறாம என்ன பண்ணும், இன்னிக்கு அந்தப் பெரிய போட்டிகள்ல 250-க்கு மேல கூடாதுன்னு விதி வைக்கிற அளவுக்கு ஏறிடுச்சு. அவங்களுக்கு அது சரி. ஆனா அந்தப் போட்டிக்காரங்க பேச்சு வாய் வழியா இறங்கி இறங்கி, சனிக்கிழமை மாமனாரையும் பையனையும் ஏத்திக்கிட்டு மீன் பிடிக்கப் போற அயித்தான் மாதிரி ஆளுக்கும் அதே அறிவுரையா வந்து சேருது.

தொண்டியில கேட்ட கேள்வி

இந்தப் பேச்சு ஓடிக்கிட்டிருந்த நேரத்துல அயித்தான் ஊர்த் திருவிழாவுக்கு வந்திருந்தாரு. ஒரு நாள் காலையில தேவகோட்டை, திருவாடானை வழியா தொண்டிக்கு மீன் வாங்கப் போனோம். கரையில ஃபைபர் போட்டு வரிசையா நிக்குது, எல்லாத்துலயும் பின்னாடி பத்து ஹெச்பி சுமாருக்கு ஒரு அவுட்போர்டு. ஒரு அண்ணன் மோட்டாரை மேல தூக்கி வச்சு ப்ரொப்பல்லர்ல சுத்தியிருந்த நைலான் நூலைக் கத்தியால அறுத்துக்கிட்டிருந்தாரு, சீலுக்குள்ள போயிட்டா கியர் ஆயில்ல தண்ணி ஏறிடும்னு அவ்வளவு பொறுமையா ஒவ்வொரு இழையா எடுத்தாரு. அவருகிட்ட அயித்தான் சும்மா பேச்சுக் குடுத்து, அமெரிக்காவுல 18 அடி போட்டுக்கு 150 ஹெச்பி போடச் சொல்றாங்கண்ணேன்னாரு. நான் அவரு சிரிப்பாருன்னு நினைச்சேன். சிரிக்கல. கையில கத்தியோட நிமிந்து, "எத்தனை ஆளு ஏறுவீங்க தம்பி? சாமான் எவ்வளவு வரும்? வெறும் போட்டுக்கு எந்த மோட்டாரும் ஓடும், திரும்பி வரும்போது என்ன எடைன்னு பாருங்க"ன்னாரு. அவருக்கு அது பெரிய தத்துவம் ஒண்ணும் இல்ல, நண்டு வலையும் ஐஸ் பொட்டியும் ஈரத்தோட ஏத்திக்கிட்டு எதிர்க்காத்துல கரைக்கு வர்ற மனுஷன், அவரு தினம் பாக்குற கணக்கு அது.

அவரு போட்டும் பாஸ் போட்டும் ஓடுற விதமே வேற, அதைக் கொஞ்சம் சொல்லிடுறேன். தொண்டிப் போட்டு நீளமா, ஒல்லியா இருக்கும், தண்ணியை ஒதுக்கித் தள்ளிக்கிட்டே போகும். இப்படித் தண்ணியைத் தள்ளிப் போற எந்தப் படகுக்கும் அதோட நீளமே ஒரு வேக வரம்பு போட்டுடும், தண்ணியில படுற நீளத்தை அடியில எடுத்து அதோட வர்க்கமூலத்தை 1.34-ஆல பெருக்கினா எத்தனை நாட், அதாவது மணிக்கு எத்தனை கடல் மைல்ங்கிறது வரும், 28 அடிக்கு ஏழு நாட் சொச்சம். அந்த வேகத்துக்குள்ள போறதுக்கு பத்து ஹெச்பி தாராளம், அதுக்கு மேல நீ எவ்வளவு ஹெச்பி போட்டாலும் அலையைத்தான் எழுப்பும். பாஸ் போட் இந்த வரம்பைத் தாண்டி தண்ணி மேல ஏறி வழுக்கிக்கிட்டுப் போறதுக்குன்னே செஞ்சது, அதைத்தான் ப்ளேன் ஆகுறதுன்னு சொல்றாங்க. ஆனா மேல ஏறுறதுக்கு முன்னாடி ஒரு மேடு இருக்கு. போட்டு தான் எழுப்பின அலையிலயே ஏற முடியாம மூக்கைத் தூக்கிக்கிட்டு, பின்பக்கம் அமுங்கிப் போய் நிக்கிற நேரம். மோட்டாருக்கு அதிகமா வலிக்கிற நேரம் அதுதான். அந்த மேட்டைத் தாண்டிட்டா மூக்கு கீழ இறங்கும், இழுவை குறையும், த்ராட்டிலை, அதாவது போட்டோட ஆக்சிலரேட்டரை, குறைச்சாக்கூட போட்டு ஓடும். ஆக பாஸ் போட்டுக்கு மோட்டார் எடுக்கிறதுல முதல் கேள்வியே எவ்வளவு வேகம் போகும்ங்கிறது இல்ல, அதிகமா எடை இருக்கிற நாள்ல அந்த மேட்டை எவ்வளவு சீக்கிரம் தாண்டும்ங்கிறதுதான். தொண்டி அண்ணன் கேட்ட கேள்வியும் இதேதான், போட்டு வேறயா இருந்தாலும்.

லைவ்வெல் தண்ணி

அயித்தான் திரும்பிப் போனதும் ஒரு வேலை குடுத்தேன். கடைக்காரன் 90 ஹெச்பி போட்டை ஓட்டிக் காமிச்சப்ப போட்டுல என்ன இருந்துச்சுன்னு எழுதுங்க, நீங்க நிஜமா மீன் பிடிக்கப் போற நாள்ல என்ன இருக்கும்னு எழுதுங்க. ஓட்டிக் காமிச்ச நாள்ல இவரும் கடைப் பையனும் ரெண்டு பேர், கால் டேங்க் பெட்ரோல், ஒரே ஒரு பேட்டரி, லைவ்வெல் காலி. நிஜமான நாள்ல மூணாவதா ஒரு ஆளு, 80 கிலோ. 30 கேலன் டேங்க் முழுசா நிரப்பினா மீதிப் பெட்ரோல் 60 கிலோவுக்கு மேல. ட்ரோலிங் மோட்டாருக்கு 24 வோல்ட் வேணும்னா இன்னும் ரெண்டு பேட்டரி, லெட் ஆசிட்னா ஒண்ணு 28 கிலோ. நங்கூரம், ஐஸ் பொட்டி, தூண்டில் சாமான், லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேந்து 55 கிலோவாவது. இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வரும். லைவ்வெல்தான் யாருக்கும் ஞாபகத்துக்கு வராது, ஏன்னா அது போட்டோட ஒரு பாகம்னு மனசுல பதிஞ்சிடுது. 30 கேலன் தண்ணி, 113 கிலோ. ஒன்றரை ஆளு எடை, மீன் போடுறதுக்கு முன்னாடியே. கூட்டிப் பாத்தா ஓட்டிக் காமிச்ச நாளுக்கும் நிஜ நாளுக்கும் நடுவுல 360 கிலோவுக்கு மேல வித்தியாசம். (பேட்டரியில மட்டும் லித்தியம் போட்டா பாதிக்குப் பாதி எடை குறையும். எங்க ஊர் சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துல பேட்டரி ஆராய்ச்சிக்குன்னே எத்தனையோ பேரு வாழ்க்கையைக் குடுத்திருக்காங்க, அந்த காம்பவுண்டு வழியா தினம் கடைக்குப் போறவனுக்கு இந்த எடையைப் பத்திப் பேசும்போது ஒரு தனிச் சந்தோஷம் உண்டு.)

அப்புறம் அயித்தான் கடைக்காரன்கிட்ட விடாப்பிடியா நின்னு, முழு எடையோட ஒரு தடவை ஓட்டணும்னு கேட்டு வாங்கினாரு. இதைக் கேக்க நிறையப் பேரு கூச்சப்படுறாங்க, கேட்டே ஆகணும். அன்னிக்கு அக்காவும், அக்காவோட மாமனாரும், அயித்தானும் ஏறினாங்க, டேங்க் ஃபுல், பேட்டரி கணக்குக்கு மணல் மூட்டை, லைவ்வெல்ல பம்ப் போட்டு விளிம்பு வரைக்கும் தண்ணி. அக்கா போனைப் பிடிச்சுக்கிட்டு எனக்கு வீடியோ கால்ல காமிச்சுக்கிட்டே வந்துச்சு, இங்க எனக்கு ராத்திரி, கடையில ஷட்டரைப் பாதி இறக்கிட்டு பாத்துக்கிட்டிருக்கேன். அயித்தான் த்ராட்டிலை முழுசா தள்ளுனாரு. போன்ல முதல்ல தெரிஞ்சது கரை, மரம், தண்ணி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா போட்டோட மூக்கு மேல வந்து மரத்தை மறைச்சுச்சு, அப்புறம் கரையை மறைச்சுச்சு, கடைசியில திரை முழுக்க வெள்ளை ஃபைபரும் வானமும்தான். மோட்டார் சத்தம் கேக்குது, ஒரே சுதியில முக்கிக்கிட்டு இருக்கு, ஏறவும் இல்ல இறங்கவும் இல்ல. "முன்னாடி ஒண்ணுமே தெரியலடா, யாராச்சும் குறுக்க வந்தா என்ன செய்றது"ன்னு அக்கா கத்துது. அந்த நிமிஷம் மாமனாரு எந்திரிச்சு மூக்குப் பக்கமா போனா எடை மாறி இறங்கும்னு எழுந்தாரு, அயித்தான் உடனே த்ராட்டிலை விட்டுட்டு அவரை உக்கார வச்சாரு. அங்க நிறையப் பேரு இப்படித்தான் செய்வாங்களாம், ஓடுற போட்டுல முன்னாடி நடந்து போறது, நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

போட்டை நிறுத்திட்டு லைவ்வெல் வால்வைத் திறந்து தண்ணி பூரா வடியவிட்டாங்க. ஆளு அதே, பெட்ரோல் அதே, மூட்டை அதே. மறுபடி த்ராட்டில். மூக்கு மேல போச்சு, ஒரு கணம் நின்னுச்சு, அப்புறம் பொத்துன்னு இறங்கி மரம், கரை, தண்ணி எல்லாம் திரும்ப போன்ல வந்துச்சு. வெறும் 113 கிலோ தண்ணிதான் நடுவுல நின்னுச்சு. மீன் பிடிக்கிற போட்டு, மீன் தொட்டியில தண்ணி இருந்தா ஓடாதுன்னா அந்த மோட்டார் அந்த போட்டுக்கு மோட்டாரே இல்ல. 90 அதோட முடிஞ்சுது. அதுவரைக்கும் விலையைப் பாத்து 90 பக்கம் சாஞ்சிக்கிட்டிருந்த அக்காவே "வேணாம்டா"ன்னுடுச்சு.

பெட்ரோல் மிச்சமாகும்னு 90 வாங்குறவங்களுக்கு இன்னொண்ணும் சொல்லணும். ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டு முழு த்ராட்டில்ல ஓடினா அதோட ஹெச்பியில பத்துல ஒரு பங்கு கேலன் ஒரு மணிக்குக் குடிக்கும்னு ஒரு சுமாரான கணக்கு வச்சிருக்காங்க, 90-க்கு 9, 115-க்கு 11.5, 150-க்கு 15. பேப்பர்ல 90 சிக்கனமாத்தான் தெரியும். ஆனா எடையோட ப்ளேன்ல நிக்கிறதுக்கே 90 முழு த்ராட்டில்ல மூச்சு வாங்கணும், 115 முக்கால் த்ராட்டில்ல அதே வேலையைச் செய்யும், அப்ப மிச்சம் எங்க இருந்து வரும், மோட்டார் தேய்மானம்தான் மிச்சம்.

115-ஆ 150-ஆ

இங்கதான் அயித்தானும் நானும் நிறைய நாள் பேசினோம், ஏன்னா 90 தோத்ததும் அவரோட சிநேகிதங்க எல்லாம் "பாத்தியா, அதான் 150-ன்னோம்"னு ஆரம்பிச்சிட்டாங்க. 90 பத்தலேங்கிறதுக்கும் 150 வேணும்ங்கிறதுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்கு. மெர்க்குரி கம்பெனி மோட்டார்ல 75, 90, 115 மூணும் ஒரே 2.1 லிட்டர் இன்ஜின் ப்ளாக், எடையும் ஒண்ணுதான், ஆரம்ப எடையே 359 பவுண்டு, அதாவது 163 கிலோ. 90-ல இருந்து 115-க்குப் போனா பின்னாடி ஒரு கிலோகூட ஏறாது. 150 அப்படி இல்ல, அது வேற ப்ளாக், 3 லிட்டர், 455 பவுண்டு, 206 கிலோ. 43 கிலோ, அதுவும் போட்டோட ஆகக் கடைசியில, பின் பலகையில தொங்குது. தகட்டுல ஆளு, சாமான், மோட்டார் மூணும் சேந்துதான் மொத்த எடை வரம்பு, அந்த 43 கிலோ அரை ஆளு இடத்தைத் தின்னுடும்.

முழு எடையோட போட்டு, மோட்டார், ஆளு எல்லாம் சேத்து 3,080 பவுண்டுன்னு கணக்கு வந்துச்சு. ஒரு ஹெச்பிக்கு எத்தனை பவுண்டுன்னு வகுத்தா 90-க்கு 34, 115-க்கு 27, 150-க்கு அதோட கூடுதல் எடையையும் சேத்து 21. சாதாரணமா 25-ல இருந்து 40 வரைக்கும் இருக்கலாம்னு சொல்வாங்க, 90-கூட அதுக்குள்ளதான் இருக்கு, ஆனா அதோட லட்சணத்தை நாங்க ஏரியில பாத்துட்டோம், பாஸ் போட்டுக்கு அந்த வரம்போட கீழ்ப்பக்கம்தான் சரிப்படும். வேகத்துக்கு வருவோம். வேகம் ஹெச்பியோட நேரா ஏறாது, ஹெச்பியை எடையால வகுத்து அதோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரிதான் ஏறும். 115-ல இருந்து 150-ன்னா சக்தி 30 சதவீதம் கூட, வேகம் 12 சதவீதம் சுமாருக்குத்தான் கூடும். இந்த போட்டு 115-ல மணிக்கு 41 மைல் ஓடுதுன்னா 150-ல 46. ஏரியில அஞ்சு மைல் தள்ளி ஒரு இடத்துக்குப் போகணும்னா எவ்வளவு நேரம் மிச்சம்னு அயித்தானையே போட்டுப் பாக்கச் சொன்னேன். 48 செகண்டு. போன்ல கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் "இதுக்காடா அத்தனாயிரம் டாலரு"ன்னாரு.

அதே மூணு பேரு, அதே மூட்டை, லைவ்வெல்ல முழுத் தண்ணியோட 115-ஐயும் ஓட்டிப் பாத்தாங்க. மூக்கு தூக்குச்சு, இறங்கிடுச்சு, அக்காவுக்குக் கத்த நேரமே கிடைக்கல. ஆனா ஒண்ணு, நான் ஆர்பிஎம் மீட்டரை, அதாவது மோட்டார் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டுற மீட்டரைக் காமிக்கச் சொன்னேன், முழு த்ராட்டில்ல 5,100-லதான் நின்னுச்சு. இந்த மோட்டாருக்கு முழு த்ராட்டில்ல 5,000-ல இருந்து 6,000 வரைக்கும் ஓடணும்னு கம்பெனி சொல்லியிருக்கு. வரம்புக்குள்ளதான், ஆனா அடிமட்டத்துல. போட்டிருந்தது 19 பிட்ச் ப்ரொப்பல்லர் (பிட்ச்ங்கிறது ஒரு சுத்துக்கு எத்தனை இஞ்சு முன்னாடி போகணும்ங்கிற கணக்கு), காலிப் போட்டுக்கு அது வேகம் குடுக்கும், எடையோட மோட்டாரை அமுக்கும். பிட்ச் ஒரு இஞ்சு குறைச்சா 150-ல இருந்து 200 ஆர்பிஎம் வரைக்கும் ஏறும். 17 பிட்ச் போட்டா 5,400, 5,500 பக்கம் வரும், மேட்டையும் இன்னும் சுலபமா தாண்டும். மோட்டார் வாங்குறதைப் பத்தி ராப்பகலா சண்டை போடுறவங்க அதோட வாலுல சுத்துற இந்தச் சாமானைப் பத்தி கடைக்காரன் எதைப் போட்டுக் குடுத்தானோ அதுதான்னு விட்டுடுறாங்க, எனக்கு ஆத்தாமையா வரும். ஹெச்பி பத்தலேன்னு மோட்டாரையே மாத்தினவங்கள்ல பாதிப் பேருக்கு ப்ரொப்பல்லர் மாத்தியிருந்தாலே போதும்ங்கிறது என்னோட அபிப்பிராயம். மோட்டாரோட தண்டு நீளமும் அப்படித்தான், 20 இஞ்சு பின் பலகைக்கு 20 இஞ்சுத் தண்டு, ப்ரொப்பல்லருக்கு மேல இருக்கிற தட்டு போட்டோட அடி மட்டத்தை ஒட்டி வரணும், ரொம்ப மேல போனா காத்தை இழுத்துக்கிட்டு வெறுமனே சுத்தும், ரொம்பக் கீழ போனா தண்ணியில சும்மா இழுபடும்.

பாதுகாப்பு விஷயம் ஒண்ணு, எந்த ஹெச்பி எடுத்தாலும் சரி. ஓட்டுறவர் உடம்புல மாட்டுற கில் ஸ்விட்ச் கயிறு, அவரு தண்ணியில விழுந்தா மோட்டார் உடனே நின்னுடும். 2021 ஏப்ரல் 1-ல இருந்து அங்க 26 அடிக்குக் கீழ இருக்கிற போட்டுல, வேகமா ஓடுறப்ப அதை மாட்டியே ஆகணும்னு சட்டமே வந்துடுச்சு. ஓட்டுறவர் தவறி விழுந்து, ஆளில்லாத போட்டு வட்டம் அடிச்சுத் திரும்பி அவரு மேலயே வர்றது கேக்கவே பதறுது. அக்காகிட்ட தனியா சொல்லி வச்சிருக்கேன், அயித்தான் கயிறு மாட்டாம சாவியைத் தொட்டா போட்டுல ஏறாதேன்னு.

அயித்தான் 115-தான் எடுத்தாரு, 17 பிட்ச் ப்ரொப்பல்லரோட. அவரு சிநேகிதர் ஒருத்தர், அவரும் நம்மாளுதான், கும்பகோணம் பக்கம், அதே நீள போட்டு பாத்துக்கிட்டு எனக்கு போன் பண்ணி "அப்ப எனக்கும் 115-தானே"ன்னாரு. நீங்க எங்க ஓட்டுவீங்க, எத்தனை பேருன்னு கேட்டேன். சாம் ரேபர்ன்ல ஓட்டுவாராம், 1,14,000 ஏக்கருக்கு மேல இருக்கிற ஏரி, ஒரு பக்கம் கிளம்பினா பதினஞ்சு இருபது மைல் ஓடணும், கிளப் போட்டிக்கும் போறாரு, எப்பவும் கனமான ஆளுங்க மூணு பேரு, நாலு வருஷத்துல வித்துட்டுப் பெருசா வாங்குற எண்ணமும் இருக்கு, அங்க குறைஞ்ச ஹெச்பி போட்ட போட்டை செகண்ட் ஹேண்டுல யாரும் சீந்த மாட்டாங்க. தகடும் 150 தாங்கும்ங்குது. அவருக்கு 150-தான் சரின்னு சொல்லிட்டேன், முழு எடையோட ஓட்டிப் பாத்துட்டு ஆர்பிஎம் என்ன வருதுன்னு மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கேன்.